வீட்டுக் கணக்கு: நூறு டாலரோடு பிங்கோவுக்குப் போகலாமா?

அபார்ட்மென்ட் பொங்கல் விழா என்றால் கோலப்போட்டி, லெமன் அண்ட் ஸ்பூன், கடைசியில் டாம்போலா. டிக்கெட் 20 ரூபாய். மைக் பிடித்தவர் எண்களைச் சொல்லச் சொல்ல, பேனாவால் அடித்துக்கொண்டே வருவோம். ஜல்தி ஃபைவ், முதல் வரி, நடு வரி, ஃபுல் ஹவுஸ். 60 டிக்கெட் விற்றால் 1,200 ரூபாய் வசூல். அந்த 1,200 ரூபாயும் பரிசாகத் திரும்பிவிடும். ஒருவருக்கு லாபம், இன்னொருவருக்கு நஷ்டம். ஆனால் பணம் அந்த வளாகத்தைவிட்டு வெளியே போவதில்லை.

இந்த டாம்போலாவின் அமெரிக்கச் சகோதரிதான் பிங்கோ. அதைப் பற்றித்தான் இந்த வாரம் ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

"கனெக்டிகட்டில் பெண் வீட்டுக்கு ஆறு மாதம் வந்திருக்கிறேன். பகலில் வீட்டில் யாரும் இல்லை. பக்கத்துத் தெருவில் என்னைப்போலவே பிள்ளைகள் வீட்டுக்கு வந்திருக்கும் நாலைந்து பேர் வாரம் ஒருநாள் பஸ்ஸில் கசினோவுக்குப் போய் பிங்கோ ஆடுகிறார்கள். என்னையும் கூப்பிடுகிறார்கள். மாப்பிள்ளை, 'போயிட்டு வாங்க அத்தை' என்று நூறு டாலரைக் கையில் கொடுத்துவிட்டார். வாங்கவும் கூச்சம், மறுக்கவும் கூச்சம். பத்தாயிரம் டாலர் ஜாக்பாட் என்று வேறு சொல்கிறார்கள். இது ஆடக்கூடிய ஆட்டமா, இல்லையா?"

நல்ல கேள்வி. 'சூதாட்டம் கூடாது' என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். அப்படி நினைப்பவர்கள் போகவே வேண்டாம், அதில் விவாதம் இல்லை. ஆனால் இந்த அம்மா கேட்பது, கொடுக்கும் காசுக்கு ஆட்டம் தகுமா என்று. காய்கறிக் கடையில் நாம் போடும் கணக்கைவிட இது கடினமான கணக்கு இல்லை. போட்டுப் பார்த்துவிடுவோம்.

ஆட்டம் எப்படி?

நம் டாம்போலாவில் 90 எண்கள், டிக்கெட்டில் 15 எண்கள். அமெரிக்க பிங்கோவில் 75 எண்கள். கார்டில் ஐந்துக்கு ஐந்து என 25 கட்டங்கள். நடுக்கட்டம் இலவசம், ஆக 24 எண்கள். பி, ஐ, என், ஜி, ஓ என்ற ஐந்து எழுத்துகள் ஐந்து பத்திகளுக்குத் தலைப்பு. பி-யின்கீழ் 1 முதல் 15, ஐ-யின்கீழ் 16 முதல் 30 என்று போய், ஓ-வின்கீழ் 61 முதல் 75 வரை வரும். 'ஜி ஐம்பத்திரண்டு' என்று அறிவித்தால் நான்காவது பத்தியை மட்டும் பார்த்தால் போதும்.

கசினோவில் இதை 'செஷன்' என்று வைப்பார்கள். ஒரு செஷனில் பத்துப் பன்னிரண்டு ஆட்டங்கள் இருக்கும். ஒன்றில் ஒரு கோடு முடித்தால் பரிசு, ஒன்றில் நான்கு மூலை, ஒன்றில் ஏதாவது ஓர் எழுத்தின் வடிவம். கடைசி ஆட்டத்தில் பெரும்பாலும் கார்டு முழுவதையும் அடிக்க வேண்டும். நம் ஃபுல் ஹவுஸ்தான், அங்கே 'கவர்ஆல்' என்பார்கள். எல்லா ஆட்டத்துக்கும் சேர்த்து ஒரு கட்டுக் காகிதத்தை வாசலிலேயே வாங்கிக்கொண்டு உட்கார வேண்டும்.

யோசித்து எடுக்க வேண்டிய முடிவு இந்த ஆட்டத்தில் எதுவும் இல்லை. ரம்மிபோல எதை வைப்பது, எதைப் போடுவது என்பதெல்லாம் கிடையாது. ராசியான எண், ராசியான நாற்காலி என்று சிலர் தேடுவார்கள். குலுங்கி வெளியே விழும் பந்துக்கு நம் ராசி தெரியாது. ஆகவே நம் புத்தி வேலை செய்யக்கூடிய இடம் ஒன்றுதான்: காகிதம் வாங்குவதற்கு முன்னால், வாசலில்.

யார் நடத்துகிறார்கள்?

அமெரிக்காவில் பெரிய கசினோக்கள் பலவற்றின் பூர்வ கதையே பிங்கோதான். புளோரிடாவில் செமினோல் பழங்குடியினர் 1979-ல் பெரிய பரிசுத்தொகையுடன் ஒரு பிங்கோ ஹாலைத் தொடங்கினார்கள். மாநில சட்டப்படி பரிசுத்தொகைக்கு வரம்பு இருந்ததால் அரசு தரப்பு எதிர்த்தது, வழக்கு நடந்தது, பழங்குடியினர் ஜெயித்தார்கள். 1987-ல் கலிஃபோர்னியாவின் கபசோன் பழங்குடியினர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் பழங்குடியினர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மறு ஆண்டே, 1988-ல், இதற்கென்று ஒரு மத்தியச் சட்டம் வந்தது.

நம் வாசகி இருக்கும் கனெக்டிகட்டிலேயே உதாரணம் இருக்கிறது. மஷான்டக்கெட் பீக்வாட் பழங்குடியினர் 1986-ல் ஒரு பிங்கோ ஹாலைத் திறந்தார்கள். 1992-ல் அதுவே ஃபாக்ஸ்வுட்ஸ் என்ற பிரம்மாண்டமான கசினோவாக வளர்ந்தது. அந்த வருமானம் பழங்குடி மக்களின் நிர்வாகத்துக்கும் நலனுக்கும் போக வேண்டும் என்பது சட்டம். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஆறே வருடத்தில் பிங்கோ ஹால் கசினோவாக வளர்ந்தது என்றால், உள்ளே வந்த பணம் முழுவதும் திரும்பப் போகவில்லை என்று அர்த்தம். பொங்கல் விழா டாம்போலாவுக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம்.

எனவே முதல் கேள்வி: உள்ளே வரும் நூறு ரூபாயில் எத்தனை ரூபாய் ஆடுபவர்களுக்குத் திரும்புகிறது?

தலையை எண்ணுங்கள்

இதை யாரும் பலகையில் எழுதி வைக்க மாட்டார்கள். நாமே கணிக்கலாம். இரண்டு விவரம் போதும். இந்த செஷனில் நிச்சயமாகக் கொடுக்கப்போகும் பரிசுகளின் மொத்தம் எவ்வளவு? ஹாலில் எத்தனை பேர், சராசரியாக எவ்வளவு செலவழித்திருப்பார்கள்?

ஒரு கற்பனைக் கணக்கு. மொத்தம் 12 ஆட்டங்கள். 11 ஆட்டத்துக்குத் தலா 150 டாலர், கடைசி கவர்ஆல் ஆட்டத்துக்கு 750 டாலர். மொத்தம் 2,400 டாலர். இது நிச்சயப் பரிசு. யார் ஜெயித்தாலும் கொடுத்தே ஆக வேண்டும்.

ஹாலில் 100 பேர், தலைக்கு 30 டாலர் செலவழிக்கிறார்கள் என்றால் வசூல் 3,000 டாலர். அதில் 2,400 திரும்புகிறது. அதாவது நூற்றுக்கு 80. அதே செஷனுக்கு 200 பேர் வந்தால் வசூல் 6,000. பரிசு அதே 2,400-தான். திரும்புவது நூற்றுக்கு 40.

காகிதத்தின் விலை மாறவில்லை. பரிசுப் பலகை மாறவில்லை. காகிதத்தின் மதிப்பு மட்டும் பாதியாகிவிட்டது. மாற்றியது கூட்டம். பரிசுத்தொகை முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்ட ஹாலில் கூட்டம் குறைந்த நேரமே நமக்கு நல்ல நேரம். சனிக்கிழமை மாலையைவிட வாரநாள் காலை, வெயில் நாளைவிட மழை நாள். கோயிலில் கூட்டமில்லாத நாளில் நிதானமாகத் தரிசனம் செய்வது மாதிரி.

சில ஹால்களில் வசூலில் இத்தனை சதவிகிதம் பரிசு என்று வைத்திருப்பார்கள். அங்கே கூட்டம் கூடினால் பரிசும் கூடும், குறைந்தால் குறையும். ஆகவே தலையை எண்ணும் முன் கவுண்டரில், 'பரிசு நிர்ணயித்த தொகையா, வசூலைப் பொறுத்ததா?' என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு? விலை கேட்காமல் நாம் முருங்கைக்காய்கூட வாங்குவதில்லை.

தலையோடு சேர்த்துக் கைகளையும் பாருங்கள். காகிதம் வைத்திருப்பவர் ஆறோ, பன்னிரண்டோ கார்டு ஆடுவார். சிலர் முன்னால் சின்னத் திரை வைத்த கருவி இருக்கும். அது ஒரே நேரத்தில் பல டஜன் கார்டுகளைத் தானே அடித்துக்கொள்ளும். அப்படி ஒருவர் உட்கார்ந்திருந்தால், நம் பக்கத்தில் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருப்பதற்குச் சமம்.

'கருவியில் ஆடினால் கார்டு ஒன்றுக்கு விலை குறைவு' என்பார்கள். உண்மைதான், பெரிய கட்டாக வாங்கினால் ஒரு கார்டின் விலை இறங்கும். ஆனால் கிலோ சல்லிசாகக் கிடைக்கிறதே என்று ஒரு மூட்டை தக்காளியை வாங்கிவந்து அழுகவிட்ட கதைதான் இது. ஒரு கார்டில் போகும் நஷ்டம் கொஞ்சம் குறையும், மொத்த நஷ்டம் ஏறும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். நூற்றுக்கு 80 திரும்புகிறது என்றால் ஒவ்வொருவருக்கும் 80 திரும்பும் என்று பொருள் இல்லை. 12 ஆட்டங்கள், 12 பரிசுகள். ஒரே எண்ணில் இருவர் முடித்தால் பகிர்ந்துகொள்வார்கள். எப்படிப் பார்த்தாலும் பதினைந்து பேருக்குமேல் பரிசோடு போகப்போவதில்லை. நூறு பேர் வந்த நல்ல நாளிலேயே 85 பேர் வெறுங்கையோடு எழுந்திருப்பார்கள். ஆகவே 20 டாலர் கொடுத்துக் காகிதம் வாங்கினால், அந்த 20 செலவாகிவிட்டது என்றே எழுதிவையுங்கள். ஏதாவது வந்தால் வரவு.

பத்தாயிரம் டாலர் ஜாக்பாட்டின் விலை ஐந்து சென்ட்

இப்போது அந்த ஜாக்பாட்டுக்கு வருவோம். பலகையில் பெரிய எழுத்தில் '10,000 டாலர்' என்று இருக்கும். பக்கத்தில் சின்னதாக '50 எண்ணுக்குள்' என்று இருக்கும். நாம் முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சின்ன எண்ணைத்தான். அறிவிக்கப்படும் முதல் 50 எண்களுக்குள் யாராவது கார்டை முழுவதும் அடித்துவிட்டால்தான் பத்தாயிரம். 51-வது எண்ணில் அடித்தால் சாதாரணப் பரிசு.

ஒரு கார்டு 50 எண்ணுக்குள் முழுமையாகும் வாய்ப்பு எவ்வளவு? இது ஊகம் இல்லை, பள்ளிக்கூடக் கணக்கு. ஏறக்குறைய 2,12,000-ல் ஒன்று. பத்தாயிரத்தை அதால் வகுத்தால் ஒரு கார்டுக்கு வரும் மதிப்பு ஐந்து சென்ட்கூட இல்லை. ஆறு கார்டு வைத்திருந்தால் 28 சென்ட்.

வேறு மாதிரியும் சொல்லலாம். வாரம் ஒரு செஷன், ஆறு கார்டு என்று ஆடினால், சராசரியாக 680 வருடத்துக்கு ஒருமுறை இந்த ஜாக்பாட் நமக்கு விழும். ஆனால் ஹால் முழுவதும் சேர்த்து 2,400 கார்டுகள் இருந்தால், சுமார் 90 செஷனுக்கு ஒருமுறை யாரோ ஒருவருக்கு விழுந்துகொண்டிருக்கும். 'போன மாசம்தான் ஒரு பாட்டிக்கு விழுந்துச்சு' என்று நீங்கள் கேட்கும் கதை பொய்யில்லை. அந்தப் பாட்டி நாமாக இருக்கும் வாய்ப்புதான் வேறு.

எண்ணிக்கை ஒவ்வொன்றாக ஏறும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். 52 எண்ணுக்குள் என்றால் சுமார் 60,000-ல் ஒன்று. 54 என்றால் சுமார் 18,400-ல் ஒன்று. 56 என்றால் 5,900-ல் ஒன்று. 60 வரை போனால் 715-ல் ஒன்று. இரண்டு எண் கூடினாலே வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேலாகிறது. ஆகவே '50 எண்ணுக்குள் 10,000 டாலர்' என்பதைவிட '54 எண்ணுக்குள் 5,000 டாலர்' மிக மேலானது. பரிசு பாதிதான். ஆனால் ஒரு கார்டுக்கு அதன் மதிப்பு 27 சென்ட், கிட்டத்தட்ட ஆறு மடங்கு. நம் கணக்கில் 20 டாலர் கட்டில் 12 ஆட்டத்துக்கு ஆறு ஆறாக 72 கார்டுகள். ஒரு கார்டின் விலை 28 சென்ட். அப்படியென்றால் அந்த ஒரு ஆட்டத்தில் ஜாக்பாட் மட்டுமே காகிதத்தின் விலையைக் கிட்டத்தட்ட ஈடுகட்டிவிடுகிறது.

இவையெல்லாம் உச்ச மதிப்பு. நமக்கு முன்னால் வேறொருவர் முடித்துவிட்டால் அதுவும் இல்லை. பல ஹால்களில் யாரும் ஜெயிக்காவிட்டால் தொகையையோ, எண்ணிக்கையையோ, இரண்டையுமோ கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். எண்ணிக்கை ஏறியிருக்கும் நாள்தான் கவனிக்க வேண்டிய நாள். அதுவும் ஒரு ஆட்டத்தின் கதை மட்டுமே. மற்ற 11 ஆட்டங்களை அது காப்பாற்றாது.

தனியாக விற்கும் 'ஸ்பெஷல்' காகிதங்கள் இருக்கும், ஒரு டாலர், இரண்டு டாலர் என்று. ஒவ்வொன்றுக்கும் இதே கேள்விதான்: நிச்சயப் பரிசு எவ்வளவு, எண் வரம்பு எத்தனை? பதில் தெரியாவிட்டால் வாங்க வேண்டாம்.

மணிக்கு எவ்வளவு?

இதுவரை போட்டது பணக் கணக்கு. இனி நேரக் கணக்கு. நம் உதாரணத்தில் 20 டாலர் கட்டுக்கு, கூட்டம் குறைந்த நாளில் சராசரி நஷ்டம் 4 டாலர், கூட்ட நாளில் 12 டாலர். செஷன் இரண்டு மணி நேரம் என்றால் மணிக்கு 2 முதல் 6 டாலர். நான்கு பேரோடு உட்கார்ந்து, சிரித்து, 'ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி' என்று பதறிப்போகும் இரண்டு மணி நேரத்துக்கு இது அநியாய விலை என்று சொல்ல மாட்டேன். சினிமாவுக்குப் போனாலும் அந்தக் காசு திரும்பி வரப்போவதில்லை.

அந்தப் பதற்றத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாரோ 'பிங்கோ' என்று கத்தும் நேரத்தில் ஹாலில் பல கார்டுகளில் ஒரே ஒரு எண்தான் மீதி இருக்கும். ஆட்டத்தின் அமைப்பே அப்படி. 'நூலிழையில் போச்சே' என்று நமக்குத் தோன்றும். அடுத்த ஆட்டத்தில் எல்லோரும் மறுபடி முதலிலிருந்துதான் தொடங்குகிறோம். நூலிழையில் போனதற்கு வரவில் எதுவும் ஏறாது.

ஆபத்து பிங்கோ மேஜையைவிட, அதற்குப் போகும் வழியில் அதிகம். காலை செஷன் முடிந்து மதிய செஷனுக்கு ஒரு மணி நேரம் இருக்கும். பஸ் மாலையில்தான். இடையில் கழிப்பறைக்குப் போனாலும், சாப்பிடப் போனாலும் ஸ்லாட் இயந்திரங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். சில பஸ் டிக்கெட்டோடு சாப்பாட்டுக் கூப்பனும், இயந்திரத்தில் ஆடுவதற்கான சலுகையும் தருவதும் இதற்குத்தான்.

ஒரு தட்டலுக்கு 50 சென்ட், மணிக்கு 400 தட்டல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் 200 டாலர் உள்ளே போய் வருகிறது. நூற்றுக்குப் பத்துதான் இயந்திரம் பிடித்துக்கொள்கிறது என்றாலும் மணிக்கு 20 டாலர் நஷ்டம். பிங்கோவில் நூற்றுக்கு 60 பிடித்த கூட்ட நாளில்கூட மணிக்கு 6 டாலர்தான் போனது. காரணம் வேகம். பிங்கோவில் ஒருமுறை கொடுத்த காசுக்கு இரண்டு மணி நேரம் உட்காரலாம். இயந்திரத்தில் அதே காசு நிமிடத்துக்கு ஆறேழு முறை பந்தயத்துக்குப் போகிறது. 'பிங்கோவுக்குத்தானே போனேன், எப்படி நூறு டாலர் போச்சு?' என்று கேட்பவர்களில் பலருக்குப் பணம் போயிருப்பது இந்த இடைவேளையில்தான். ஆக ஒரு செஷனை மதிப்பிடும்போது, அடுத்த செஷனோ பஸ்ஸோ வரும்வரை எத்தனை நேரம் காத்திருக்க வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

விழுந்துவிட்டால்?

சின்னப் பரிசுகளை உடனே கையில் கொடுத்துவிடுவார்கள். கார்டு விற்றவருக்கு ஏதாவது டிப்ஸ் வைப்பது அங்கே வழக்கம். பெரிய தொகை விழுந்தால் அடையாள ஆவணம் கேட்பார்கள், பாஸ்போர்ட் வேண்டும். அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவரின் பிங்கோ பரிசுக்கு 30 சதவிகிதம் வரி பிடிப்பது அந்நாட்டுச் சட்டம். பிளாக்ஜாக், ரூலெட் போன்ற சில ஆட்டங்களுக்குத்தான் இதிலிருந்து விலக்கு. பத்தாயிரத்தில் கைக்கு வருவது ஏழாயிரம். இந்தியாவில் வசிப்பவராக வருமான வரித்துறை கருதும் ஒருவர், இங்கும் அதைக் கணக்கில் காட்ட வேண்டும். அங்கே பிடித்த வரிக்கு இங்கே கழிவு கோர வழி உண்டு. ஆகவே அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கத்துவதற்கும் விதி உண்டு. பல ஹால்களில் கடைசியாக அறிவித்த எண்ணிலேயே பிங்கோ சொல்லிவிட வேண்டும். அடுத்த எண் வந்துவிட்டால் பரிசு போச்சு. அறிவிப்பவரின் உச்சரிப்பு நமக்குப் புதிது, வேகமும் அதிகம். திரையிலும் எண் தெரியும், கண் அங்கேயும் இருக்கட்டும். முதல்முறை போகிறவர் ஆறு கார்டுக்குமேல் எடுத்தால், விழுந்த பரிசையும் கவனிக்காமல் விட வாய்ப்பு அதிகம்.

ஊருக்குத் திரும்பிய பிறகு, 'அங்கே ஆடிய பிங்கோவை இங்கே போனில் ஆடலாமே' என்று தோன்றலாம். வேண்டாம். தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்கிறது. 2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நாடு முழுவதும் தடை செய்திருக்கிறது. போனில் தலையை எண்ண முடியாது. எதிரில் இருப்பது எத்தனை பேர், யார் என்று தெரியாத ஆட்டத்துக்கு நம் கணக்கு எதுவும் செல்லாது.

அம்மாவுக்குப் பதில்

போகலாம். ஆனால் நூறு டாலரோடு வேண்டாம். 'நாற்பது போதும் மாப்பிள்ளை' என்று சொல்லி மீதியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இருபது காகிதத்துக்கு, இருபது சாப்பாட்டுக்கு. கார்டு எதையும் பையில் வைக்காதீர்கள். காகிதம் வாங்குமுன் மூன்றைப் பாருங்கள்: நிச்சயப் பரிசு எவ்வளவு, ஹாலில் எத்தனை பேர், ஜாக்பாட்டுக்கு எண் வரம்பு எத்தனை. நிச்சயப் பரிசை, தலைகளையும் சராசரிச் செலவையும் பெருக்கி வந்த தொகையால் வகுத்துப் பாருங்கள். பாதிக்கும் கீழே வந்தால் அன்று காப்பி குடித்துக்கொண்டு தோழிகள் ஆடுவதைப் பாருங்கள், அதுவும் பொழுதுபோக்குதான். இடைவேளையில் தனியாக நடக்காதீர்கள். நாலு பேராகப் போய் நாலு பேராகத் திரும்புங்கள்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் ஜாக்பாட் ஒரு வரியில்தான் வந்தது. 'பகலில் வீட்டில் யாரும் இல்லை' என்பது அதற்கு முன்பே வந்துவிட்டது. உங்களுக்குத் தேவை பேச்சுத்துணை என்றால், அதற்குக் கசினோ வரைக்கும் போக வேண்டியதில்லை. அமெரிக்க ஊர்களில் முதியோருக்கான சீனியர் சென்டர்கள் உண்டு. பல இடங்களில் அங்கேயே சில்லறைக் காசுக்கோ, சும்மாவோ பிங்கோ ஆடுவார்கள். ஊர் நூலகத்திலும் ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். உங்கள் ஊரில் என்ன இருக்கிறது என்று பெண்ணிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். கசினோ மாதம் ஒருநாள் போதும்.

சிலருக்கு இந்த மாதம் ஒருநாள் வாரம் ஒருநாளாகும், பிறகு இரண்டு நாளாகும். போன பணத்தைப் பிடிப்பதற்காகவே போவார்கள். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய பரிசோதனை வேண்டாம். மாலையில் வீடு திரும்பியதும், 'இன்னிக்கு எவ்வளவு போச்சும்மா?' என்று பெண் கேட்டால் உள்ளது உள்ளபடி சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். சொல்ல முடிகிறவரை அது பொழுதுபோக்கு. இருபதைப் பத்து என்று குறைத்துச் சொல்லத் தோன்றும் நாளில், அடுத்த வாரத்து பஸ்ஸை விட்டுவிடுங்கள்.